கடலடியில் நானூற்று முப்பது மீட்டர்

திங்கட்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கீழே பேக்கிங் அட்டை செய்யும் கம்பெனியும் மேலே கண்ணாடிச் சுவருமாக நின்ற கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, எழிலரசி தன் பெயர் போட்ட அறிக்கையைத் திறந்தாள். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ‘கிடைத்தது, நன்றி’ என்று பதில் எழுதி, கூடவே அந்த அறிக்கையையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் திறந்தாள். எழுதி முடித்துக் கொடுத்ததை மறுபடி உட்கார்ந்து படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஏழாவது அத்தியாயத்தைக் காணோம்.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பொருளடக்கத்துக்குப் போனாள். ஆறு இருந்தது. அதற்கடுத்து, அவள் எட்டு என்று எண் போட்டது ஏழாகியிருந்தது. இடையில் ‘மேல்மட்ட ஆபத்துகள்’ என்ற தலைப்பில் அவள் எழுதியிருந்த ஒன்பது பக்கங்கள் இருந்த சுவடே இல்லை. அட்டைக்குப் போனாள். ‘தரவு விளக்கம்: வே. எழிலரசி’ என்று தடித்த எழுத்தில் அவள் பெயர் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் காதோரம் சூடேறியது.

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் எழிலரசியின் வேலை. ஒரு கப்பல் கடலில் போய்க்கொண்டே, சில நொடிகளுக்கு ஒரு தடவை அழுத்தக் காற்றை வெடிக்கவிடும். அந்தச் சத்தம் தண்ணீரைக் கடந்து, கடல் தரையைத் துளைத்து, பாறை அடுக்கு ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பும். கப்பலின் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் இழுபடும் கேபிள்கள் அந்த எதிரொலியைப் பதிவு செய்துகொள்ளும். அத்தனையையும் கணினி சேர்த்துப் படமாக்கித் தரும். தெரியாதவர் பார்த்தால் கறுப்பும் சிவப்புமாக மடிப்பு மடிப்பான புடவை போலத்தான் இருக்கும். எழிலரசி அதைப் பதினாறு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். வங்காள விரிகுடாவில் எண்ணெய் தேடக் குறித்த இந்த ஒரு தொகுதிக்கு மட்டும் பதினோரு மாதம் செலவழித்திருந்தாள்.

கடல் தரையிலிருந்து இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் ஆழத்தில், கவிழ்த்த இட்லிச் சட்டி போல வளைந்த மணற்பாறை ஒன்று கிடந்தது. அதன் மேல் கெட்டியான களிமண் மூடி. எண்ணெய் தங்குவதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஆனால் அந்த வளைவின் உச்சிக்கு நேர் மேலே, வெறும் நானூற்று முப்பது மீட்டர் ஆழத்திலேயே, வாழையிலை நுனி மாதிரி ஒரு பிரகாசமான திட்டு தெரிந்தது. சுற்றியிருந்த அடுக்குகளைவிட நான்கு மடங்கு பலமான எதிரொலி. அதுவும் அலையின் மேடு பள்ளமாகப் புரண்ட, தலைகீழான எதிரொலி. அதற்குக் கீழிருந்த கோடுகள் எல்லாம் கொஞ்சம் தொய்ந்து இறங்கியிருந்தன. வாயு அடைந்து கிடக்கும் மணலில் சத்தம் மெதுவாகத்தான் போகும். அதனால் அடியில் இருப்பவை ஆழத்தில் இருப்பதுபோல் தோன்றும். மூன்று அடையாளமும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

துளையிடும் மேடையை உச்சிக்கு மேல் நிறுத்தினால், முதல் இரண்டு நாளிலேயே துளை அந்த வாயுவுக்குள் இறங்கும். அந்த ஆழத்தில் கிணற்றின் வாயை இறுக்கி மூடும் பெரிய வால்வை இன்னும் பொருத்தியிருக்க மாட்டார்கள். வாயு கிளம்பினால் தடுக்க ஒன்றுமில்லை. எண்பது மீட்டர் தண்ணீர். அதில் மூன்று கால்களை ஊன்றி நிற்கும் மேடை. கால் புதைந்திருக்கும் மண்ணே கரைந்து போகலாம். ஒரு பொறி பட்டால் போதும். இதையெல்லாம் ஒன்பது பக்கத்தில் எழுதி, மேடையை வடமேற்கே அறுநூற்றைம்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள் என்று முடித்திருந்தாள்.

இப்போது அந்த ஒன்பது பக்கம் இல்லை. அது போகட்டும் என்றால், ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்த படத்திலும் திட்டைக் காணோம். அதே வெட்டு, அதே அளவு. ஆனால் மேலிருந்து கீழ்வரை எல்லாக் கோடும் ஒரே பலத்தில், சீவி வாரிய தலை மாதிரி படிந்து கிடந்தது. எப்படிச் செய்தார்கள் என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பலமான எதிரொலியையும் பலவீனமானதையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும் ஒரு பொத்தான் அந்த மென்பொருளில் உண்டு. ஆழத்தில் மங்கலாகத் தெரிவதைப் பார்ப்பதற்காக வைத்தது. மேல்பகுதியில் அதைப் பயன்படுத்தினால், இருப்பதை மறைக்கவும் உதவும்.

இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த சபீனாவிடம் போனாள். படங்களைத் தயார் செய்வது சபீனாவின் வேலை. நான்கு வருஷமாக எழிலரசியின் கீழ் இருப்பவள், கெட்டிக்காரி. திரையைத் திருப்பிக் காட்டி, இதை யார் செய்தது என்று கேட்டாள்.

சபீனா படத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டையே பார்த்தபடி, வியாழக்கிழமை எழிலரசி விடுப்பில் இருந்தபோது ராகவன் சார் கூப்பிட்டதாகவும், மேல்பகுதியைச் சமன்செய்து புதுப் படம் போடச் சொன்னதாகவும் சொன்னாள். எழிலரசிக்குத் தெரியுமா என்று கேட்டாளாம். நான் பேசிக்கொள்கிறேன் என்றாராம்.

“நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“பண்ணலாம்னுதான் நெனச்சேன்கா. பாப்பாவுக்கு ஜுரம்னு சொன்னீங்க. அதான்…”

அது சாக்கு என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

ராகவன் பிரிவுத் தலைவர். ஐம்பத்திரண்டு வயது. சட்டையில் மடிப்பு கலையாது, குரல் உயராது. எழிலரசி கதவைத் தட்டாமல் உள்ளே போனபோதும், உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. ஏழாவது அத்தியாயத்தை எடுத்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். மேடையை அறுநூற்றைம்பது மீட்டர் தள்ளினால் உச்சியை விட்டு விலகிவிடும், எண்ணெய் மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறையும், கூட்டாளிக் கம்பெனி பின்வாங்கும், அடுத்த இரண்டு தொகுதியின் வேலையும் நம் கையைவிட்டுப் போகும் என்று வரிசையாக விளக்கினார். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது அவர் பேச்சு.

“வாயு இருக்கா இல்லையா சார்? அதைச் சொல்லுங்க.”

“இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழில், நீங்க ரொம்ப நல்ல ஆளு, வேலையில உங்களை மிஞ்ச இங்க யாரும் இல்ல. ஆனா எப்பவும் பயத்துலயே எழுதறீங்க. அவங்க தனியா தள ஆய்வு எடுக்கத்தான் போறாங்க. இருந்தா அதுல தெரிஞ்சுட்டுப் போகுது.”

மேடை நிறுத்துவதற்கு முன் சின்னக் கப்பல் ஒன்றை அனுப்பி, அந்த இடத்தின் மேல்பகுதியை மட்டும் நுணுக்கமாகப் பார்ப்பது வழக்கம்தான். அவர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அனுப்பியாயிற்றே, இனி எடுத்தால் நன்றாகவா இருக்கும் என்றார். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். அன்று முழுக்க ஒரு வரி வேலை ஓடவில்லை. செவ்வாயும் புதனும், தள ஆய்வு இருக்கிறது, தள ஆய்வு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினாள்.

வியாழன் மத்தியானம் ஒரு கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. புதன்கிழமை காணொளியில் நடந்த கூட்டம். எண்ணெய்க் கம்பெனியின் துளையிடும் பிரிவுக்காரர்கள் நாலு பேர் கலந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ராகவன் மட்டும். நாலாவது தீர்மானத்தை எழிலரசி இரண்டு தடவை படித்தாள். விளக்க அறிக்கையில் மேல்மட்ட ஆபத்து எதுவும் குறிப்பிடப்படாததால், தனியாகத் தள ஆய்வு தேவையில்லை. ஏழு வருஷத்துக்கு முன் பக்கத்தில் எடுத்த பழைய ஆய்வே போதும். மேடை பத்தொன்பதாம் தேதி அந்த இடத்துக்கு நகரும்.

பத்தொன்பதாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்த்து ஆய்வு எடுப்பார்கள் என்று சொன்ன மனிதர், புதன்கிழமை அதே ஆய்வு வேண்டாம் என்ற கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நேராக அவரிடமே போனாள். ராகவனின் அறைக் கதவு பூட்டியிருந்தது. அவர் மதியமே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஆவடி வரைக்கும் போகாமல் திருமுல்லைவாயிலில் ரயிலை விட்டு இறங்கினாள். பருத்திப்பட்டில் இருந்த தன் வீட்டுக்குப் போனால் கணவன் குணசேகரனிடமும் குழந்தையிடமும் எரிந்து விழுவோம் என்று தெரிந்தது. அப்பா வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

அவள் அப்பா வேம்புலி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும் இயந்திரம். எழிலரசிக்கு ஒன்பது வயது இருக்கும்போது அது அவருடைய வலதுகையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதே பட்டறையில் பதினெட்டு வருஷம் வாட்ச்மேனாக இருந்தார். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், கடலுக்கு ஸ்கேன் எடுக்குது என்பார்.

அம்மா கமலம் டீ போட்டுக் கொடுத்தாள். எழிலரசி நடந்ததை முழுவதும் சொன்னாள். வாயுவைப் பற்றி, மேடையைப் பற்றி, எடுத்துவிட்ட பக்கங்களைப் பற்றி. நாளைக்கே அந்தத் துளையிடும் ஆட்களுக்கு எழுதப் போகிறேன் என்றாள். வேம்புலி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டார்.

“உனுக்கு இன்னாத்துக்குமா இந்த வம்பு? நீ எழுதி குட்த்த. அவன் கீச்சிட்டான். ஏதாவது ஆச்சினா அவன்தான பதில் சொல்லணும்.”

“என் பேர் போட்டுக்கீது நைனா அதுல.”

“பேர்தான? கம்முனு கெட. ஊட்டு லோன் கீது, புள்ள கீது. நானும்தான் ஒரு கையெழுத்து போட்டேன். இன்னா கெட்டுப் போச்சி? நல்லாத்தான கீறோம்.”

என்ன கையெழுத்து என்று எழிலரசி கேட்டாள். அவர் சொன்னது கமலத்துக்குப் பிடிக்கவில்லை என்பது அவள் டம்ளர்களை எடுத்த வேகத்தில் தெரிந்தது. ஆனால் வேம்புலிக்கு அதை மறைக்கவேண்டும் என்றே தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தபோது மேஸ்திரி ஒரு காகிதம் கொண்டுவந்தாராம். இயந்திரத்தில் பாதுகாப்புக் கம்பி போட்டிருந்தது, என் கவனக்குறைவால்தான் விரல் போனது என்று அதில் எழுதியிருந்ததாம். கம்பியைக் கழற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. அது இருந்தால் வேலை மெதுவாக ஓடுகிறது என்று முதலாளிதான் கழற்றச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் வாட்ச்மேன் வேலை நிச்சயம் என்றார்கள். இடதுகையால் போட்டார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பது வருஷமாகக் கவனக்குறைவு என்றே எழிலரசி கேட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டபோதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

“அதுக்கப்புறம் அந்த மிஷின யாரு ஓட்னது?”

வேம்புலி ரிமோட்டைக் கையில் எடுத்தார். பதில் கமலத்திடமிருந்து வந்தது.

“மதுரைவீரன். அந்தப் பக்கத்து லைன் ஊட்டுல இருந்தானே, அவன். நாலு மாசத்துல அவனுக்கும் போச்சி. மணிக்கட்டோட.”

“அவன் குடிச்சிட்டு வருவான்” என்றார் வேம்புலி.

எழிலரசி எழுந்தாள். கத்தவேண்டும் போல இருந்தது. விரல் போன மனிதரிடம் எதைச் சொல்லிக் கத்துவது? கமலம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கும் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினாள். ஸ்டேஷன் வரைக்கும் நடந்த நடையில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மறுநாள் காலை எட்டேமுக்காலுக்கே அலுவலகம் போனாள். திருட்டுத்தனமாக எதையும் செய்யக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். தரவு எண்ணெய்க் கம்பெனியுடையது. அவர்கள் சொத்தைப் பற்றி அவர்களிடம் சொல்வதில் எந்த ரகசியமும் உடையவில்லை. அலுவலக மின்னஞ்சலிலிருந்தே எழுதினாள். கூட்டக் குறிப்பில் துளையிடும் திட்டப் பொறுப்பாளர் என்று ஜஸ்டின் என்பவரின் பெயர் இருந்தது, அவருக்கு அனுப்பினாள். ராகவனுக்கும் ஒரு நகல் போட்டாள். காணாமல்போன அத்தியாயத்தையும், சமன்செய்யாத படத்தையும் இணைத்து, மேலே நாலே வரி எழுதினாள். இது என் அறிக்கையில் இருந்தது. எனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது. இந்த இடத்தில் வாயு இருப்பதாக நான் நம்புகிறேன். தள ஆய்வு இல்லாமல் மேடையை நிறுத்தாதீர்கள்.

அனுப்பிய கையோடு, கூட்டக் குறிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஜஸ்டின் நாகர்கோவில் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் மேடைக்கான சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். படத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தவர், கால்மணி நேரத்தில் கூப்பிட்டார்.

“மேடம், வாயுதான்னு எவ்வளவு நிச்சயமா சொல்லுவீங்க?”

“எம்பது சதவீதம். நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“இருபது சதவீதம் ஒண்ணுமில்லாம போனா, ரெண்டு வாரம் வேலைய நிறுத்தினதுக்கு என்னையல்லா கேப்பாங்க.”

“மேடையில எத்தனை பேரு சார் இருப்பாங்க?”

பின்னால் கிரேன் ஓடும் சத்தம் கேட்டது. “எம்பத்து நாலு” என்றார்.

பத்து மணிக்கு ராகவன் கூப்பிட்டார். அறையில் மனிதவளப் பிரிவின் ஜீவாவும் இருந்தாள். மேசை மேல் அச்செடுத்த தாள் ஒன்று இருந்தது. எழிலரசியின் பெயரில் ஜஸ்டினுக்குப் போகவேண்டிய பதில் அது. முந்தைய வரைவு தவறுதலாக அனுப்பப்பட்டுவிட்டது, மறுபரிசீலனைக்குப் பின் அந்தத் திட்டு வெறும் தரவுக் கோளாறு என்று முடிவுசெய்யப்பட்டது, இறுதி அறிக்கையே சரியானது. ராகவன் இப்போதும் குரலை உயர்த்தவில்லை. இதை அனுப்பிவிட்டால் காலையில் நடந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

“தரவுக் கோளாறுன்னு யாரு முடிவு பண்ணது?”

“டீம் முடிவு பண்ணுச்சு.” சபீனாவை உள்ளே கூப்பிட்டார். “படம் தொழில்நுட்பக் காரணத்துக்காகத்தான மாத்தினோம் சபீனா?”

சபீனா கதவுக்கருகே நின்றாள். எழிலரசி அவளையே பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். சபீனா துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்து, ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையை அசைத்தாள். ராகவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, போகலாம் என்றார்.

எழிலரசி தாளை எடுத்து, நாலாக மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டாள். ராகவனின் முகம் அப்போதுதான் முதன்முதலாக மாறியது.

“அத குடுங்க எழில்.”

“என் பேர்ல எழுதியிருக்கீங்க சார். அப்ப என் காகிதந்தான். நான் எழுதின ஒம்பது பக்கத்தை எடுத்தீங்க. நான் எழுதாத ஒரு பக்கத்தை என் தலையில கட்றீங்க. உங்களுக்கு வாயு இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் அந்தப் பொண்ணை விட்டு அழிக்க வெச்சீங்க. தெரியலன்னா அழிக்கவே வேண்டாமே.”

பன்னிரண்டு மணிக்குள் இடைநீக்க உத்தரவு வந்துவிட்டது. கணினியை வாங்கிக்கொண்டார்கள். அடையாள அட்டையையும் கேட்டார்கள். ஜீவாவே கீழே வாசல் வரைக்கும் கூட வந்தாள். அது மரியாதைக்காகவா, வேறு எதற்காகவா என்று எழிலரசி கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த மூன்று பேருந்துகளையும் விட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

குணசேகரன் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் எதையுமே சொல்லாமல் இருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திருமுல்லைவாயிலுக்கு அவள் போகவில்லை. வேம்புலியும் போன் செய்யவில்லை. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து அதற்குப்பிறகு ஒரு சத்தமும் இல்லை. பத்தொன்பதாம் தேதி வந்தது, போனது. மேடை நகர்ந்ததா, நின்றதா, எங்கே நின்றது என்று கேட்க அவளுக்கு உரிமை இல்லை. தினமும் காலையில் செய்தித் தாளின் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஜஸ்டினிடமிருந்து போன் வந்தது. தூங்காத குரல்.

நடந்ததை அவர் ஒழுங்காகச் சொன்னார். அவள் மின்னஞ்சலை அவர் மேலே கொண்டுபோயிருக்கிறார். இடத்தை மாற்ற மேலிடம் சம்மதிக்கவில்லை. ராகவன் எழுத்து மூலமாக உறுதி கொடுத்திருந்தார். புதிதாக ஆய்வுக் கப்பல் அமர்த்தவும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜஸ்டின் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றிருக்கிறார். பெரிய துளை போடும் முன், சோதனைக்காக ஒரு சாண் அகலத்தில் ஒரு சின்னத் துளை. வாயு வந்தால் துளைக்குள் அடித்து அமுக்க, பக்கத்திலேயே கனமான சேறு தொட்டி நிறையத் தயார். தேவையில்லாத ஆட்கள் நாற்பது பேர் அதுவரைக்கும் கரையில். இவை மூன்றுக்கும் மேலிடத்தின் கையெழுத்து இல்லாமல் துளையைத் தொடமாட்டேன் என்று சொல்லி, அதை வாங்கியிருக்கிறார்.

“நானூத்து இருபத்தெட்டு மீட்டர்ல வந்துச்சு மேடம். நீங்க முப்பதுன்னு போட்டிருந்தீங்க. கடல் கொதிக்க மாதிரி கொப்புளிச்சுது. சேத்தை அடிச்சு அடிச்சு, ஒம்பது மணி நேரம். இப்பதான் நின்னுச்சு. சிமென்ட் போட்டு அடைச்சாச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல.”

எழிலரசி கரையில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்லது சார் என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

“பெரிய துளையா இருந்திருந்தா?”

“அத நான் சொல்லணுமா” என்றார் ஜஸ்டின்.

போனை வைத்த பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அதைவிடப் பெரிய ஆத்திரம். எண்பத்து நாலு பேர் உயிர், ஒரு மனிதர் பிடிவாதமாக நின்றதால் தப்பியிருக்கிறது. அவர் கொஞ்சம் பயந்தவராக இருந்திருந்தால்? அன்றைக்கு அவர் போனையே எடுக்காமல் விட்டிருந்தால்? அவள் அந்த அறிக்கையைத் திறக்காமலே இருந்திருந்தால்? உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஏரியை இன்னும் இரண்டு சுற்று வேகமாக நடந்தாள்.

அதற்குப் பிறகு விசாரணை வந்தது. எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் நேரில் வந்து, படத்தை மாற்றியது யார், எப்போது என்று கேட்டார்கள். சபீனா இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு, யார் சொல்லி, எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழிலரசி பையில் வைத்திருந்த தாளையும் அவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். மேடை வடமேற்கே தள்ளிப் போனது. அங்கே துளையிட்டதில் எண்ணெய் இருந்தது. ராகவன் பயந்த அளவுக்கு மதிப்பும் குறையவில்லை.

விஷயம் வேம்புலியின் காதுக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் பிடித்துப் பருத்திப்பட்டுக்கு வந்தார். பேத்திக்குக் கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார். வேலை என்னாச்சு என்று அவர் கேட்கவில்லை.

“அந்த ராகவன் இன்னும் அங்கதான் கீறானா?”

“மும்பை ஆபீசுக்கு மாத்திட்டாங்களாம் நைனா. ஆலோசகரா.”

வேம்புலி ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மகள் முன்னால் அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமலே, மதுரைவீரனுடைய பெண்சாதி இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறாள் என்று கேள்வி, ஒருநாள் போய்ப் பார்க்கவேண்டும் என்றார். எழிலரசி கொய்யாப்பழங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவரை இன்னும் மன்னிக்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மாதக் கடைசியில் கம்பெனி இயக்குநர் சுரேகா அவளை வரச் சொன்னார். காபி வரவழைத்தார். நேர்மையானவர்கள்தான் இந்தக் கம்பெனிக்குத் தேவை என்றார். ராகவனின் பதவியே அவளுக்கு என்று சொல்லி, ஒரு கடிதத்தைத் தள்ளினார். இருவரும் கையெழுத்திடவேண்டிய கடிதம். துறைகளுக்கிடையே ஏற்பட்ட தகவல் பரிமாற்றக் குறைபாட்டால் ஓர் அத்தியாயம் விடுபட்டது, அது சரிசெய்யப்பட்டுவிட்டது, இதில் யார்மீதும் தவறில்லை.

எழிலரசி அதை முழுவதும் படித்தாள்.

“விடுபடல மேடம். எடுத்தாங்க. எடுத்தாங்கன்னு எழுதுங்க, நான் நாளைக்கே வரேன்.”

“அப்படி எழுத வக்கீல் ஒத்துக்க மாட்டார் எழிலரசி. கம்பெனி பேரு இருக்கு இல்ல?”

“என் பேரும்தான் இருந்துச்சு.”

சுரேகா வருத்தமாகத்தான் பார்த்தார். அந்த வருத்தம் உண்மையாகவும் இருந்திருக்கலாம். எழிலரசி காபியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். எண்ணெய்க் கம்பெனியிலேயே மேல்மட்ட ஆபத்துகளை மட்டும் பார்க்கும் ஒப்பந்த வேலை ஒன்றுக்கு ஜஸ்டின் அவள் பெயரைச் சொல்லியிருந்தார். சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் குறைவு, அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். அதை ஏற்றுக்கொள்வது என்று படியிறங்கும்போது முடிவுசெய்தாள்.

கீழே வாசலில் சபீனா நின்றிருந்தாள். தானும் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். இரண்டு பேரும் ஆவடிப் பக்கம்தான் போகவேண்டும். நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். பேருந்து வரும் வரைக்கும் சபீனா எதையோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

“அக்கா, அன்னிக்கு அந்த ரூம்ல நான் பேசியிருக்கணும். என் மேல இன்னும் கோவமா?”

எழிலரசிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“ஆமா சபீனா. கோவம் போனா சொல்றேன்.”

பேருந்து வந்தது. சபீனா முதலில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து அதை எழிலரசிக்காகப் பிடித்திருந்தாள். எழிலரசி அதைப் பார்த்தாள். ஏறி, உட்காராமல், இருக்கைகளுக்கு நடுவிலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆவடிக்குச் சீட்டு வாங்கினாள்.